"கார்டு வரட்டும், பிறகு பார்ப்போம்": எழுதச் சிரமப்படும் எட்டாம் வகுப்பு மாணவன் குறித்த நிகழ்வு ஆய்வு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே வரும் பள்ளியும் மாணவனும் குறிப்பிட்ட ஒரு பள்ளியையோ ஒரு பிள்ளையையோ குறிப்பன அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைப் பள்ளிகளில் நேரக்கூடிய சிக்கல்களை ஒரே கோப்பாகக் கட்டிய மாதிரி நிகழ்வு இது. மதிப்பெண், வாசிப்பு வேகம் போன்ற எண்களும் அந்த மாதிரிக்கே உரியவை. சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் மட்டும் உள்ளது உள்ளபடி.

நிகழ்வு

மாணவனுக்குப் பதின்மூன்று வயது. முஞ்சிறை வட்டாரத்தில் அரசு உதவி பெறும் சிறுபான்மை உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அப்பா ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர். ஒருமுறை கிளம்பினால் கரை திரும்ப வாரக்கணக்காகும். அம்மா பத்தாவது வரை படித்தவர். பையன் வகுப்பில் கேள்வி கேட்டால் முதலில் கை தூக்குவான். அறிவியல் செய்முறையில் குழுவை நடத்துவதும் அவன்தான். ஆனால் விடைத்தாள் பாதிக்கு மேல் காலியாகவே திரும்பும். முதல் இடைத்தேர்வில் சமூக அறிவியலில் 50க்கு 11.

ஆறாம் வகுப்பிலிருந்து ரேங்க் கார்டில் ஒரே குறிப்பு: "கவனம் போதாது, எழுத்துப் பயிற்சி தேவை." நோட்டு முடிக்காததற்காக மதிய இடைவேளைகளில் வகுப்பிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். ஒருநாள் தமிழ் வகுப்பில் அவன் நோட்டை ஆசிரியர் தூக்கிப் பிடித்துக் காட்ட, வகுப்பே சிரித்திருக்கிறது.

ஜூலை இரண்டாம் வாரம் அம்மாவைக் கூப்பிட்டார் தலைமையாசிரியை. ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் ஃபெயில் ஆக்க வேண்டிவரும், அதற்குமுன் டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்ப்பது நல்லது என்றார். "இல்லேன்னா மாற்றுத்திறனாளி கார்டு வாங்கிட்டு வாங்கம்மா, அப்புறம் பாக்கலாம்."

"சிஸ்டர், வாயால கேட்டா எல்லாம் சொல்லுவான். பேப்பர்லதான் ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றார் அம்மா.

நோயறியத் தேவையான பாதித் தகவல் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. யாரும் அதை எழுதி வைக்கவில்லை.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது: 91.75 சதவீதம். அந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. எல்லாரும் வாசிக்கிற ஊரில் வாசிக்கத் திணறும் பிள்ளை சோம்பேறி என்றோ சேட்டைக்காரன் என்றோதான் கண்ணில் படுகிறான். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டும் பழக்கமும் சேர்ந்துகொண்டால், எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் டி.சி. பேச்சு வருவதில் வியப்பில்லை. எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைக்காத முறையைத் தமிழ்நாடு அரசு தொடர்கிறது. நெருக்கடி தொடங்குவது ஒன்பதில்.

எந்தச் சட்டம்?

பள்ளி தன் பக்கத்துக்குச் சொன்ன வாதம்: "நாங்க மைனாரிட்டி ஸ்கூல், ஆர்.டி.இ. எங்களுக்குக் கிடையாது." இது பாதிதான் உண்மை. ஆர்.டி.இ. எனப்படும் கல்வி உரிமைச் சட்டம் 2009, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும் பொருந்தாது என்று பிரமதி வழக்கில் 2014 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை மறுபரிசீலிக்க வேண்டும் என்று கருதி விஷயத்தைத் தலைமை நீதிபதியின் முன் வைத்தது. ஆனால் இந்த நிகழ்வுக்கு அந்த விவாதமே தேவையில்லை. மாணவனுக்குப் பதினான்கு முடிந்து, எட்டாவதும் தாண்டிவிட்டால் கல்வி உரிமைச் சட்டத்தின் பிடி எப்படியும் தளர்ந்துவிடும்.

பிடித்துக்கொள்ள வேண்டியது வேறு சட்டம்: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அதன் பிரிவு 16, அரசு நிதி பெறும் பள்ளி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி என எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிறது. சிறுபான்மைப் பள்ளிக்கு அதில் விலக்கு எழுதப்படவில்லை, மெட்ரிக் பள்ளிக்கும் இல்லை. வயது வரம்பும் அதில் இல்லை. பாகுபாடின்றிச் சேர்ப்பது, ஒவ்வொருவர் தேவைக்கும் ஏற்ற தகவமைப்பைச் செய்வது, ஒவ்வொரு மாற்றுத்திறன் மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிப்பது எல்லாம் பள்ளியின் கடமை. இந்த நிகழ்வுக்கு மிக முக்கியமானது ஆறாவது உட்பிரிவு: குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை (வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்ற ஒன்றில் மட்டும் நீடிக்கும் சிரமங்களை) கூடிய விரைவில் கண்டறிந்து தக்க கற்பித்தல் நடவடிக்கை எடுப்பது. கண்டறியும் கடமையைச் சட்டம் பள்ளியின் தோளில் வைத்திருக்கிறது. "நீங்கள் கண்டறிந்து கார்டோடு வாருங்கள்" என்று பெற்றோரிடம் சொன்னபோது பள்ளி தன் வேலையை அம்மாவின் தலையில் ஏற்றிவிட்டது.

தகவமைப்பு என்பதற்குப் பிரிவு 2(ஒய்) தரும் பொருள்: அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாத, தேவையான, பொருத்தமான மாற்றங்கள். அதை மறுப்பதும் பாகுபாடுதான் என்று பிரிவு 2(எச்) சேர்த்தே வரையறுக்கிறது. ஆகவே "நாங்கள் அவனை ஒதுக்கவில்லையே, எல்லாரையும்போலத்தான் நடத்தினோம்" என்ற பதில் இங்கே செல்லாது. எல்லாரையும்போல நடத்தியதுதான் புகார்.

கார்டு இல்லாமல் எவ்வளவு தூரம்?

ஆசிரியர் அறைகளில் அதிகம் குழம்புவது இந்த இடம். சட்டத்தில் இரண்டு படிகள் உண்டு. ஒன்று, மாற்றுத்திறன் உள்ள நபர். இன்னொன்று, பிரிவு 2(ஆர்) சொல்லும் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு சான்றளிக்கப்பட்ட நபர். 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி (பிரிவு 31), உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு (பிரிவு 32) போன்றவை இரண்டாம் படிக்கு. பிரிவு 16 முதல் படியிலேயே தொடங்கிவிடுகிறது.

இதை உச்ச நீதிமன்றம் ஐயமறத் தீர்த்தது விகாஷ் குமார் வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் சிக்கல் உள்ளவர் குடிமைப்பணித் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவரைக் கேட்டார்; 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். தகவமைப்பு உரிமையை 40 சதவீதக் கோட்டுக்குள் அடைக்கக்கூடாது என்றது நீதிமன்றம். தொடர்ந்து 40க்குக் கீழுள்ளவர்களுக்கும் தேர்வு வழிகாட்டுதல் 2022 ஆகஸ்டில் வெளியானது.

பள்ளிக்கு இதன் நடைமுறைப் பொருள் எளிது. பொதுத்தேர்வுச் சலுகைக்கு மருத்துவச் சான்று வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. வகுப்பில் நோட்டு நகல் கொடுப்பதற்கும், மாதத் தேர்வில் முப்பது நிமிடம் கூட்டித் தருவதற்கும், கேள்வித்தாளை வாசித்துக் காட்டுவதற்கும் எந்தக் கார்டும் வேண்டாம். தலைமையாசிரியரின் ஒரு பக்க ஆணை போதும். கார்டுக்காகக் காத்திருந்த மாதங்களில் கைவிட்டுப்போவது இவைதான்.

கண்டறிதல்: பள்ளியிலேயே தொடங்குகிற வேலை

முதலில் கண்ணும் காதும். பிள்ளைகளின் உடல்நலம் பார்க்க ஆண்டுதோறும் வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்ட மருத்துவக் குழுவின் பதிவேட்டில் இந்த மாணவனின் பார்வைப் பரிசோதனை எழுதப்பட்டிருந்தது, சிக்கல் இல்லை. காது பார்க்கப்படவே இல்லை. அதை முடித்துவிட்டுத்தான் அடுத்த படி. இதைத் தாண்டிக் குதித்தால் மருத்துவமனையில் திருப்பி அனுப்புவார்கள், ஒருநாள் வீண்.

அடுத்து, கற்பிக்கப்படாததால் வந்த இடைவெளியா என்று பார்ப்பது. 2025–26இல் எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் பள்ளிகள் பூட்டிக் கிடந்த 2020–21இல் மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டும் பழக்கம் வாசிப்பாக மாறுகிற வயது அது. "கொரோனா பேட்ச்" என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அதைச் சொல்லியே எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கட்டில் கட்டிவிடக்கூடாது. எட்டுப் பத்து வாரம் ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தால் இடைவெளிப் பிள்ளை வேகமாக ஏறிவருவான். கற்றல் குறைபாடுள்ள பிள்ளை ஏறுவான், ஆனால் நத்தை வேகத்தில். அந்த எட்டு வாரப் பதிவேடே பிறகு மருத்துவருக்குப் பயன்படும் ஆவணம்.

பிறகு எளிய சோதனைகள். ஐந்தாம் வகுப்புப் பாடப்பகுதி ஒன்றை ஒரு நிமிடம் வாசிக்க வைத்து, சரியாகச் சொன்ன சொற்களை எண்ண வேண்டும். இந்த மாணவன் 38. ஒப்பிட எடுத்த மூன்று வகுப்புத் தோழர்கள் 80க்கு மேல். தமிழ் எழுத்துமுறையில் ஒலிக்கும் எழுத்துக்கும் உறவு பெரும்பாலும் நேரானது. அதனால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளையும் தப்பில்லாமல் வாசித்துவிடக்கூடும், வேகத்தில்தான் மாட்டுவான். "வாசிக்கிறானே" என்று விட்டுவிடுவது இதனால்தான். கடிகாரம் வைக்காமல் வாசிப்பைச் சோதிப்பதில் பயனில்லை.

எழுத்துக்கு ஒரே பகுதியை மூன்று வழியில்: பார்த்து எழுதுதல், சொல்வதை எழுதுதல், வாயால் சொல்லுதல். சமூக அறிவியலில் 11 வாங்கிய அதே தாளை வாயால் கேட்டபோது 34 மதிப்பெண்ணுக்குப் பதில் வந்தது. இந்த 23 மதிப்பெண் வித்தியாசம் கோப்பில் இருந்தால் போதும், "கவனம் போதாது" என்ற குறிப்பு தானே செத்துவிடும்.

பிழைகளைத் தரம் பிரிப்பதில் தமிழாசிரியரின் கண் தேவை. ண–ன, ல–ள–ழ, ர–ற குழப்பத்தை வைத்து யாரையும் சந்தேகிக்க வேண்டாம். பேச்சில் வேறுபாடு மங்கிய இடத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே அதில் தடுமாறுகிறார்கள். மலையாளமும் தமிழும் கலந்து பேசும் வீடென்றால் இன்னும் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கவனிக்க வேண்டியவை வேறு. "மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது" என்று சொன்னதற்கு இவன் எழுதியது "மின்பிடி தடைகலம் தெடாங்கிது." குறில் நெடில் மாறியிருக்கிறது. ஒற்று விழுந்திருக்கிறது. 'தொ' எழுத்தின் கொம்பு சரியான இடத்தில் நிற்க, அதன் கால் ஓர் எழுத்து தள்ளி 'ட'வுக்குப் போய்விட்டது. ஓர் ஒலிக்கு எழுத்தின் இருபுறமும் குறி போடும் ஒ, ஓ வரிசையில் இப்படிப் பிழை குவிவதும், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவதும், எட்டாம் வகுப்பிலும் தொடர்வதுமே சிறப்புப் பயிற்றுநரை (மாற்றுத்திறன் மாணவருக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவரை) கூப்பிட வேண்டிய அறிகுறி. ஆசிரியர் இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெயர் வைப்பது மருத்துவக் குழுவின் வேலை. எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறைத் தகவல் தளத்தில் குறைபாட்டு வகையைப் பதிவதும் மதிப்பீடு முடிந்த பிறகே.

பெற்றோர் கூட்டத்துக்குத் தேதி குறித்ததில் ஒரு சறுக்கல் நடந்தது. மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பள்ளி திறக்கும் பருவமும் அதுவே. ஆண்டில் அப்பா உறுதியாகக் கரையில் இருக்கும் இரண்டு மாதம். கூட்டம் ஆகஸ்ட் எட்டுக்கு வைக்கப்பட்டது. படகு போய்விட்டது. அம்மா தனியாக வந்து, "அவுக வந்தபிறகு கையெழுத்து போடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு வாரம் போனது. கடற்கரைப் பள்ளிகளில் இத்தகைய கூட்டங்களை ஜூன் கடைசிக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதிவைப்பது பெரிய விஷயமில்லை.

வகுப்பறையில் செய்தவை

வட்டார வளமையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்றுகிறவர். தொடக்க வகுப்பில் பத்து மாற்றுத்திறன் மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்ற விகிதத்தை, 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையைத் தொடர்ந்து, 2022 ஜூனில் மத்திய அரசு அறிவித்தது. அந்த விகிதம் கைக்கு வரும்வரை, அவர் திட்டம் போடுவார், நடத்துவது பாட ஆசிரியர்கள் என்பதே நடைமுறை. "அது ஸ்பெஷல் டீச்சர் பாத்துப்பாங்க" என்ற வாக்கியம் ஒரு பள்ளியில் புழங்கினால் அங்கே திட்டம் தாளோடு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பிரிவு 16 கடமையைப் பள்ளியின் மேல் வைக்கிறது, வந்துபோகும் பயிற்றுநர் மேல் வைக்கவில்லை.

தனிநபர் கல்வித் திட்டம் ஒரே தாளில் எழுதப்பட்டது. பாடப்பொருள் குறைக்கப்படவில்லை, மற்றவர்கள் படிக்கும் எட்டாம் வகுப்புப் பாடம் முழுதும் அவனுக்கும் உண்டு. மாறியது உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும். இந்த வேறுபாட்டை ஆசிரியர்கள் தெளிவாகப் பிடித்துக்கொள்ளாவிட்டால் இரக்கப்பட்டுப் பாடத்தை வெட்டுவார்கள், அது இன்னொரு அநியாயம்.

கரும்பலகையைப் பார்த்து எழுதுவது நிறுத்தப்பட்டது. ஒரு தோழியின் நோட்டை அன்றன்றே நகலெடுத்துக் கடைசி மணிக்குள் கையில் கொடுப்பது. தலைப்புகளையும் படங்களையும் மட்டும் அவன் எழுதுவான். முதல் இரண்டு வாரம் நகல் மூன்று நாள் தாமதமாக வந்தது. வீட்டுப்பாடம் முடிந்த பிறகு வரும் நகலால் என்ன லாபம்? அலுவலக உதவியாளரிடம் மதியம் இரண்டு மணிக்கு என்று நேரம் குறித்த பிறகே சீரானது. துணைத் தாள்கள் 14 புள்ளி எழுத்தில், வரி இடைவெளி ஒன்றரை, இடப்பக்கம் மட்டும் நேர்விளிம்பு.

வாசிப்புப் பயிற்சி முதல் மணிக்கு முன் இருபது நிமிடம், வாரம் ஐந்து நாள். கெ–கே–கை, கொ–கோ–கௌ வரிசைகள். பிறகு க்க, த்த, ப்ப வரும் சொற்கள். பிறகு சிறு பத்தி. ஒன்றாம் வகுப்புப் படப்புத்தகத்தைப் பதின்மூன்று வயதுப் பையன் கையில் கொடுத்தால் மறுநாள் வரமாட்டான். தூத்தூர்ப் பக்கத்துப் பையனுக்குக் கால்பந்துச் செய்தியை வெட்டிக் கொடுங்கள். சொற்கள் எளிதாக இல்லாவிட்டாலும் வாசிப்பான்.

பாடப்புத்தகத்தைக் கேட்டுப் படிக்க அம்மாவின் கைப்பேசி பயன்பட்டது. வாசிப்புச் செயலி எல்லாப் பி.டி.எஃப் கோப்பிலும் ஓடாது. யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அமைந்த கோப்பைக் கொடுத்தால் உளறும். அக்கா பாடத்தை வாசித்துப் பதிவுசெய்து கொடுத்தாள். எந்தச் செயலியையும்விட அது நன்றாக வேலை செய்தது.

அறிவியல், சமூக அறிவியல் விடைகளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்று எழுதப்பட்டது. தமிழ்த் தாளில் இலக்கணப் பகுதிக்கு மட்டும் குறைக்கலாம். "அவனுக்கு மட்டும் என்ன?" என்று மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். கண்ணாடி போட்டவனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்று கணக்கு ஆசிரியர் சொன்ன பதிலோடு விஷயம் முடிந்தது. குறைபாட்டின் பெயரை வகுப்பில் சொல்லத் தேவையில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

இவற்றில் எதற்கும் நகலெடுக்கும் செலவைத் தாண்டிப் பணம் போகவில்லை. அளவுக்கு மீறிய சுமை என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை.

காலாண்டுத் தேர்வில் என்ன தவறியது

கூடுதல் நேரத்துக்கு அளவுகோலாக 2018 ஆகஸ்டில் வெளியான மத்திய வழிகாட்டுதலை எடுத்துக்கொண்டார்கள்: மணிக்கு 20 நிமிடம். ஒன்றரை மணித் தேர்வுக்கு 30, இரண்டு மணிக்கு 40, இரண்டரைக்கு 50. பத்தாம் வகுப்பின் மூன்று மணித் தேர்வில் இது ஒரு மணி நேரமாகிறது.

சொல்வதை எழுதுபவராக ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். முதல் நாளே சிக்கல். சொல்லிப் பழக்கமில்லாததால் இவன் மொத்த விடையையும் ஒரே மூச்சில் சொன்னான், எழுதியவன் பின்தங்கினான், இருவரும் தடுமாறினார்கள். சொல்லி எழுதவைப்பது தனித் திறமை. ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவது, "புதுப் பத்தி" என்று சொல்வது, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்பது எல்லாம் பழக வேண்டும். குறைந்தது ஆறேழு அமர்வு பயிற்சி இல்லாமல் தேர்வறையில் இறக்கினால் மதிப்பெண் முன்பைவிடக் குறையக்கூட வாய்ப்புண்டு. பிறகு "எழுதுபவரைக் கொடுத்தும் தேறவில்லை" என்று பேச்சு வரும்.

கணக்கில் இன்னொரு வகை. "எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ரெண்டு பை மூணு" என்று சொன்னால் இரண்டு விதமாக எழுதலாம். வகுத்தல் கோட்டுக்கு மேலே எது, கீழே எது என்று முதலில் சொல்லும் வழக்கத்தைக் கணக்கு ஆசிரியரே கற்றுத்தர வேண்டும். வடிவியல் படமும் வரைபடக் குறிப்பும் அவன் கையாலேயே; அதில் அவனுக்குச் சிக்கல் இல்லை.

கேள்வித்தாளை வாசித்த ஆசிரியை இரக்கத்தில் விளக்கமும் சொல்லிவிட்டார். கூடாது. ஒவ்வொரு கேள்வியையும் இருமுறை, அதே சொற்களில், மிதமான வேகத்தில். அறை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தது, மாற்றப்பட்டது. கூடுதல் நேரம் மதியத் தேர்வில் வேன் கிளம்பும் நேரத்தை மோதியது; மூன்று நாள் அவன் நேரத்தை விட்டுவிட்டு எழுந்து போனான். சலுகை தாளில் இருந்தது, வேன் காத்திருக்கவில்லை. போக்குவரத்தும் பிரிவு 16இன் பட்டியலில் இருக்கிறது என்பதைத் தாளாளரிடம் எடுத்துச் சொன்னபின் தேர்வு நாட்களில் வேன் அரைமணி தாமதமாகப் புறப்பட்டது.

அறைக் கண்காணிப்பாளருக்கு ஏற்பாடு தெரியாமல் போவது சின்ன விஷயமல்ல. அவ்னி பிரகாஷ் வழக்கில் (2021 நவம்பர்) டிஸ்கிராஃபியா என்ற எழுத்துக் குறைபாடு உள்ள மாணவிக்கு நீட் தேர்வில் உரிய ஒரு மணி நேரம் மையத்தில் மறுக்கப்பட்டது. ஊழியருக்கு விதி தெரியவில்லை என்பதைத் தேர்வு முகமையின் சாக்காக நீதிமன்றம் ஏற்கவில்லை. பள்ளித் தேர்விலும் அறைப் பட்டியலோடு இந்த ஒரு பக்க ஆணையின் நகலை இணைத்துவிடுவது நல்லது.

சான்றிதழ்ப் பாதை

வட்டார மருத்துவ மதிப்பீட்டு முகாம், அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கடற்கரையிலிருந்து போய்வர முழு நாள் போகும். ஒரு காகிதம் குறைந்தால் இன்னொரு நாள். ஆதார், குடும்ப அட்டை நகல்கள், படங்கள், பள்ளிப் படிப்புச் சான்று, கண்–காது பரிசோதனை முடிவு, இரண்டு ஆண்டு ரேங்க் கார்டு, விடைத்தாள் மாதிரிகள், எட்டு வாரப் பயிற்சிப் பதிவேடு ஆகியவற்றைப் பள்ளியே ஒரே உறையில் போட்டுத் தர வேண்டும். மருத்துவர், உளவியலாளர் பார்த்து, அறிவுத்திறன் சோதனையும் அதன்பின் கற்றல் குறைபாட்டுச் சோதனையும் நடக்கும்.

2018 வழிகாட்டுதலில் கற்றல் குறைபாட்டுச் சான்று எட்டு வயதிலிருந்து. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபரிசோதனை. 2024 மார்ச்சில் திருத்திய வழிகாட்டுதல் வந்துவிட்டதால், சான்றிதழில் அச்சான செல்லுபடித் தேதியையே நம்ப வேண்டும். பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வுக்கு முன் அது காலாவதியாகுமா என்பதை எட்டாம் வகுப்பிலேயே பார்த்துவிட்டால் கடைசி நேர ஓட்டம் மிச்சம்.

மொழிப்பாட விலக்கு கேட்பதா என்பது தனிக் கேள்வி. சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது என்பதற்காகப் பள்ளி தானே விண்ணப்பத்தில் டிக் அடிக்கக்கூடாது. எந்த மொழியை விடுவது, பின்னால் என்ன படிப்பு, என்ன வேலை என்று பையனையும் வைத்துப் பேசி, அவர்கள் முடிவை எழுத்தில் வாங்க வேண்டும். இந்த நிகழ்வில் குடும்பம் விலக்கு கேட்கவில்லை. எழுதுபவரும் கூடுதல் நேரமும் மட்டும் போதும் என்றது. அப்படி முடிவெடுப்பதும் அவர்கள் உரிமை.

புகாராகப் போயிருந்தால்

அரசு உதவி பெறும் அமைப்பையும் "அரசு நிறுவனம்" என்ற வரையறைக்குள் பிரிவு 2(கே) கொண்டுவருகிறது. ஆகவே பிரிவு 23 சொல்லும் குறைதீர் அலுவலர், புகார்ப் பதிவேடு, இரண்டு வாரத்துக்குள் விசாரணை ஆகியவை உதவி பெறும் பள்ளியின் வாசலுக்கும் வருகின்றன. அங்கே தீராவிட்டால் மாவட்ட அளவிலான குழு. மாநில ஆணையரிடமும் முறையிடலாம். சட்டத்தை மீறினால் பிரிவு 89இன்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை, மறுமுறை 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம்.

நோட்டைத் தூக்கிக் காட்டிச் சிரிக்க வைத்தது? பொதுப் பார்வையில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதற்குப் பிரிவு 92இல் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. வகுப்பறைக் கேலி எல்லாம் இதில் விழாது. நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். ஆனால் "இவனுக்கு எழுதச் சிக்கல் உண்டு" என்று கோப்பில் பதிந்த பிறகும் அதே செயல் நடந்தால் தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது.

பெரும்பாலான குடும்பங்கள் புகார்வரை போவதில்லை. டி.சி.யை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெற்றோர் கையில் இருக்க வேண்டிய ஆயுதம் ஐந்து வரிக் கடிதம்:

"என் மகனுக்கு எழுதுவதிலும் வாசிப்பதிலும் தொடர்ந்து சிரமம் உள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16இன்படி அவனை மதிப்பீட்டுக்கு அனுப்பவும், மதிப்பீடு முடியும்வரை பள்ளித் தேர்வுகளில் கூடுதல் நேரமும் வினாக்களை வாசித்துக் காட்டும் வசதியும் தரவும் வேண்டுகிறேன். எடுக்கும் முடிவை எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

இரண்டு பிரதி. ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரை தர மறுத்தால் விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்).

ஒன்பதாம் வகுப்புக்கு

எட்டாம் வகுப்பு ஆசிரியை நன்றாகச் செய்த ஏற்பாடு ஜூனில் புது வகுப்பாசிரியரிடம் போய்ச் சேராமல் காணாமல்போவது வழக்கமான விபத்து. இந்தப் பள்ளியில் ஏப்ரல் கடைசி வேலைநாளன்று கோப்பு கைமாறியது: திட்டத் தாள், எது பயன்பட்டது எது பயன்படவில்லை என்ற ஒரு பக்கக் குறிப்பு, கடைசி வாசிப்பு வேகம் (61), சான்றிதழ் நகல், எழுதுபவர் பயிற்சிப் பதிவு. ஒன்பதாம் வகுப்பின் ஐந்து பாட ஆசிரியர்களும் படித்ததற்குக் கையெழுத்திட்டார்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தயாராகும் நேரத்தில் சலுகை விண்ணப்பத்தைத் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு அனுப்பும் பொறுப்பு யாருடையது என்பதும் பெயரோடு எழுதப்பட்டது. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குக் குறித்த தேதி ஜூன் மூன்றாம் சனிக்கிழமை, அப்பா கரையில் இருக்கும்போது.